பேச்சியம்மாள் வீட்டு லைன்

இப்போது வருகிற ரவுட்டர் பெட்டிகளுக்கு ஆளே வேண்டாமாம். அட்டையைப் பிரித்து, வயரைச் சொருகி, போனில் நாலு தட்டு தட்டினால் பெட்டியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமாம். தென்காசி ஆபீசில் என்னோடு வேலை பார்த்த பையன்கள் டீக்கடையில் வைத்துச் சொன்னார்கள். "இனிமே நமக்குச் சோலி கெடையாது அண்ணாச்சி" என்றான் ஒருவன். இன்னொருவன், "ஒங்க காலத்துக் கதைய எழுதிக் குடுங்க, சங்கத்து மலர்ல போடுதோம்" என்றான். நான் பட்டதெல்லாம் இவனுக்குக் கதையாகப் போய்விட்டது! சரி, கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன். படித்துவிட்டு, கிழவன் இப்படி மனசைக் கெடுத்துவிட்டானே என்று என்னைத் திட்டக் கூடாது.

டெலிபோன் துறையில் தினக்கூலியாகச் சேர்ந்து, குழி தோண்டி, செம்புக் கம்பி இழுத்து, கம்பம் ஏறி, மெக்கானிக் ஆனது வரைக்கும் உள்ள காலத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். வெயில், மழை, அட்டைக்கடி, அவ்வளவுதான். குற்றாலத்தில் சாரல் மாதங்களில் லாட்ஜ்காரர்களிடம் வாங்கிய ஏச்சு தனிக்கணக்கு. என்னோடு சேர்ந்த ஒருவன், செங்கோட்டைப் பக்கம் கரண்டுக் கம்பி எங்கள் கம்பியில் உரசிக் கிடந்தது தெரியாமல் கையை வைத்துச் செத்தான். அவனைக் கம்பத்திலிருந்து இறக்கியவர்களில் நானும் ஒருவன். மறுநாள் அதே கம்பத்தில் ஏற ஆள் வேண்டியிருந்தது. நான்தான் ஏறினேன்.

விருப்ப ஓய்வில் வந்த பிறகு வீட்டில் முடங்கிக் கிடக்கப் பிடிக்கவில்லை. ஒரு தனியார் இன்டர்நெட் கம்பெனியில் ஒப்பந்தத்துக்குச் சேர்ந்தேன். செம்பு போய் ஃபைபர் வந்திருந்தது. கறுப்பு உறைக்குள்ளே தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை, அதற்குள்ளே வெளிச்சம். செம்புக் கம்பியை எப்படி வேண்டுமானாலும் மடக்கலாம், முடிச்சும் போடலாம். இதை மடக்கினால் மடங்கின இடத்திலேயே வெளிச்சம் செத்துப்போகும். வீட்டுக்கு வீடு இதைத் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். யார் கேட்டார்கள்? ஒரு வீட்டில் அதன்மேல் துணி காயப்போட்டார்கள். ஒரு வீட்டில் அழகாக இருக்கட்டும் என்று எட்டாக மடித்து ஆணி அடித்திருந்தார்கள். பெட்டியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மாடியில் நெட் வரவில்லை என்று என் தாயாரை இழுத்து ஏசினவரும் உண்டு.

எங்கள் சூப்பர்வைசர் சாந்தி மேடம். என்னைவிட இருபது வயசாவது இளையவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எந்த வீட்டிலிருந்து கூப்பிட்டாலும் மூன்று கேள்விதான். "என்ன லைட் எரியுது? கடைசியா அதத் தொட்டது யாரு? வீட்ல புதுசா என்ன நடந்திருக்கு?" மூன்றாவது கேள்விதான் முக்கியம் என்பார். பெட்டி தானாகக் கெடுவது அபூர்வம், வீட்டில் ஏதாவது நடந்துதான் அது கெடும். வெள்ளை அடித்திருப்பார்கள், சடங்கு வைத்திருப்பார்கள், அண்ணன் தம்பி சண்டையில் குறுக்கே சுவர் எழுப்பியிருப்பார்கள். அதைக் கேட்காமல் பெட்டியைத் திறந்தவனை அவர் ஒரு பார்வை பார்ப்பார். அதற்குப் பேசாமல் இரண்டு அறை வாங்கிக்கொள்ளலாம்.

அவரிடம் இன்னொரு கண்டிப்பும் உண்டு. ரவுட்டர் ஆபீசோடு பேசுவதற்கு ஒரு பாஸ்வேர்டு இருக்கிறது. வாடிக்கையாளர் பதிந்துவைத்த நம்பருக்கு ஓ.டி.பி. போய், அதைத் திருப்பிச் சொன்னால்தான் தருவார். எங்களுக்கே தரமாட்டார். அதற்குக் காரணம் இருந்தது. சுரண்டைப் பக்கம் ஒரு பெண் புருஷனிடம் அடி தாங்காமல் தனியாக வந்து வீடெடுத்து, வாசலில் ஒரு கேமராவும் மாட்டி, பயந்து பயந்து இருந்தாள். அந்தப் புருஷன் எங்கள் ஆபீசுக்கு நல்லவன் மாதிரி போன் போட்டு, வீட்டு லைனின் பாஸ்வேர்டு விவரத்தையெல்லாம் எங்கள் ஆள் ஒருவனிடம் வாங்கிவிட்டான். அவள் மாட்டின கேமரா வழியாகவே அவள் தனியாக இருக்கிற நேரம் பார்த்து உள்ளே போய்விட்டான். அவள் பிழைத்துக்கொண்டாள். ஒரு கண் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த சாந்தி மேடம் அன்றைக்குப் போட்ட சட்டம் அது. யார் கெஞ்சினாலும் மாறாது, நானும் கெஞ்சிப் பார்த்திருக்கிறேன்.

இனி பேச்சியம்மாள் வீடு.

இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் இடையில், ரோட்டை விட்டு இறங்கித் தென்னந்தோப்புக்குள் ஒரு சந்து போகும். அதன் கடைசி வீடு. மலை வந்து மறைப்பதால் அங்கே செல்போனில் ஒரு புள்ளிதான் நிற்கும், சில நேரம் அதுவும் நிற்காது. பேச்சியம்மாளுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகன் குமார் ராணுவத்தில், வடக்கே பனிமலையில் இருந்தான். லீவில் வந்தவன் அம்மாவிடம் போனில் பேச முடியாமல் தவிக்கிறதைச் சொல்லி லைன் கேட்டான். மாட்டினது நான்தான். பெரிய போன் மாதிரி ஒரு டேப் வாங்கி, ரவுட்டர் பக்கத்தில் ஒரு தாங்கியில் நிறுத்தி, அவன் கூப்பிட்டால் அம்மா கையில் எடுக்கக்கூட வேண்டாம், ஒரே தட்டு தட்டினால் போதும் என்று பழக்கிவிட்டுப் போனான். லைன் அம்மா பெயரில், நம்பரும் அம்மாவுடையது. "நா இல்லாதப்போ ஏதும்னா அவ்வோ நம்பருக்குத்தான அடிக்கணும்" என்றான். அதுவும் நியாயம்தான்.

பேச்சியம்மாள் வாய் சும்மா இருக்காது. "ஏன் அண்ணாச்சி, இதுக்குள்ள இவன் வருதான், நா பேசுறத அங்கன உள்ளவங்க எல்லாரும் கேப்பாங்களோ?" என்றாள். "கேக்க மாட்டாங்க" என்றேன். "அப்பம் ஏசலாம்" என்றாள். அவன் பட்டாளத்துக்குத் திரும்பிப் போனபின், படம் விட்டுவிட்டு வருகிறது என்று ஒருமுறை கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். பெட்டிமேல் பூப்போட்ட துணி போர்த்தியிருந்தாள். தூசி விழக்கூடாதாம். அது சூட்டில் வெந்து கிடந்தது. துணியை எடுத்துவிட்டு வந்தேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலையில் அவள் போய்விட்டாள். மாட்டுக்குத் தண்ணி காட்டக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. எனக்கு மதியத்துக்கு முன்னால் அவளுடைய புருஷனின் அண்ணன் மகன் செல்வம் போன் போட்டான். "அண்ணாச்சி, சித்தி தவறிட்டாவ. நெட்டு போச்சி. கஸ்டமர் கேர்ல நாளைக்கி ஆளு வரும்ங்கான். குமாரு அங்கன கேம்புல நெட்டு இருக்க எடத்துக்கு எறங்கி வந்து உக்காந்திருக்கான். பனி விழுந்து ரோடு அடைச்சிருக்காம், வர வழியில்ல. சித்தி மொகத்தப் பாத்தாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்ன்னு அழுதான். காலைல கேம்புப் போன்ல ஒரு தடவ பேசினதோட சரி. இனி அவன் கூப்பிட்டா டேப்புலதான் வரும்."

நான் அப்போது செங்கோட்டையில் ஒரு கடையில் வேலையாக இருந்தேன். போட்டது போட்டபடி கிளம்பினேன். சபரிமலை சீசன் வேறு. ரோடு முழுக்க ஐயப்பன்மார் வேன்கள். ஊர்ந்து, வைது, வைதுகொண்டே வந்து சேர்ந்தேன்.

சந்துக்குள் கொட்டுச் சத்தம் கேட்டது. வாசலில் பந்தல் போட்டு, பூ ஜோடித்த உயரமான பாடை தயாராக நின்றது. உள்ளே ஐஸ் பெட்டிக்குள் பேச்சியம்மாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். துஷ்டி வீட்டில் கருவிப்பையோடு நுழைகிற கூச்சம் எனக்கு எத்தனை வருஷமானாலும் போனதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிஷம் கும்பிட்டு நின்றுவிட்டு ரவுட்டரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் பெட்டிக்கு வரவில்லை என்று அர்த்தம்.

பிறகு என் போனில் அந்த வீட்டு வைஃபையைத் தேடினேன். நான் வைத்துவிட்டுப் போன பெயரைக் காணோம். கம்பெனியிலிருந்து வரும்போது இருக்கிற பெயர் நின்றது. செல்வத்தைக் கூப்பிட்டேன்.

"ஏலே செல்வம், பின்னால உள்ள ஓட்டைக்குள்ள யாரும் ஊசிய விட்டீங்களா?"

"நாந்தான் அண்ணாச்சி. ரீசெட் பண்ணுங்க, வந்துரும்ன்னு கஸ்டமர் கேர்ல ஒரு பிள்ள சொல்லிச்சி. ஒரு ஊக்க எடுத்து அழுத்தினேன். தப்பா?"

தப்புதான். நான் போட்டுவைத்த அத்தனையும் அந்த ஒரு குத்தில் அழிந்துவிட்டது. எங்கேயோ உட்கார்ந்து எழுதிவைத்ததைப் படிக்கிற பிள்ளைக்கு இது எங்கே தெரியப்போகிறது? செல்வத்தின் முகம் ஏற்கெனவே அழுது வீங்கியிருந்தது. "சரி விடு, பாத்துக்கிடலாம்" என்றேன். இரண்டு கோளாறு இப்போது. லைன் வரவேண்டும். அது வந்தபிறகு பாஸ்வேர்டு வேண்டும்.

சந்து முனையில் கம்பத்துப் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருந்தது. அப்படியானால் கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவில்தான். வயரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். வீட்டுக் கேட்டுக்கு வந்ததும் தெரிந்துவிட்டது. மேலே தொய்வாகக் குறுக்கே போகிற கறுப்பு வயரை இழுத்து ஒதுக்கி, பந்தல் மூங்கிலில் சுற்றி, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டிருந்தது.

வீட்டில் புதுசாக என்ன நடந்திருக்கிறது? சாவு நடந்திருக்கிறது.

பந்தல்காரரைக் கூப்பிட்டேன். "யாருய்யா இதக் கட்டுனது?" என்று நான் போட்ட சத்தத்தில் கொட்டுக்காரர்கள் ஒரு கணம் நிறுத்திவிட்டார்கள்.

"நாந்தான் அண்ணாச்சி. பாடை ஒசரம்லா, கேட்டத் தாண்டையில வயர்ல மாட்டும். அந்தம்மா எங்கயும் தட்டாம முட்டாமப் போகணும்ன்னு ஒதுக்கிக் கெட்டுனேன். கரண்டு வயரில்லன்னு பாத்துட்டுத்தான் தொட்டேன்."

அவரை என்ன சொல்ல? பாடை போகிற வழியில் தாழ்ந்து கிடக்கிற வயரை ஒதுக்கிக் கட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லாப் பந்தல்காரர்களும் செய்வதுதான். கேபிள் டி.வி. வயரும் பழைய டெலிபோன் வயரும் அதைத் தாங்கிக்கொண்டன. இது தாங்கவில்லை. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே இழை நொறுங்கியிருந்தது.

அப்போது குமாரின் பெரியப்பா, செல்வத்தின் அப்பா, என் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனுஷன். கண் சிவந்திருந்தது. "அண்ணாச்சி, குத்தமா நெனைக்காதீங்க. மலையில மழ புடிச்சிட்டு. ஓடையில தண்ணி செவப்பா வருதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுதாவ. ஓடையத் தாண்டித்தான் சுடுகாடு. வெள்ளம் பெருத்துட்டா பாடையோட எறங்க முடியாது. நாள வெள்ளம் வடியும்ன்னு என்ன நிச்சயம்?"

"கொஞ்சம் பொறுங்க. அந்தப் பையன் உக்காந்திருக்கான்லா."

"எனக்கு மட்டும் ஆசையில்லையா? காலையிலேர்ந்து அதுக்குத்தான வச்சிருக்கு. சீக்கிரம் பாருங்க" என்றார். 

பந்தலுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தூற்றல் விழ ஆரம்பித்திருந்தது. செல்வம் எனக்கு மேலே குடை பிடித்தான். நொறுங்கின துண்டை வெட்டி எறிந்தேன். கம்பத்தில் நான் சுருட்டி விட்டிருந்த உபரி வயரை இழுத்து வீட்டுக்குள் எட்டும்படி நீளத்தைச் சரிக்கட்டினேன். கறுப்பு உறையைப் பிளந்து, இழைமேல் உள்ள பூச்சை உரித்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, வெட்டுக் கருவியில் வைத்து நறுக்கவேண்டும். நுனி செங்குத்தாக நிற்கவேண்டும். ஒரு சொட்டு ஈரமோ ஒரு துளி தூசியோ ஆகாது. முதல் தடவை நறுக்கும்போது பக்கத்தில் சங்கு ஊதினார்கள், நான் திரும்பிப் பார்க்க, நுனி கோணிவிட்டது. மறுபடி உரித்தேன், மறுபடி துடைத்தேன். உள்ளே ஒரு பெண், "ஒம் மவன் வரலியே பேச்சி, ஒம் மவன் வரலியே" என்று அதையே சொல்லி அழுதுகொண்டிருந்தாள். காதைப் பொத்திக்கொள்ள எனக்குக் கை இல்லை. இரண்டாவது தடவை நுனி ஒழுங்காக வந்தது. அதைக் கனெக்டருக்குள் ஏற்றி மூடி, உள்ளே ஓடிப்போய்ப் பெட்டியில் சொருகினேன். சிவப்பு அணைந்தது.

இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லை. அது எரியாது என்று எனக்கு முன்னமே தெரியும். பாஸ்வேர்டு இல்லையே! போனைப் பார்த்தேன், ஒரு புள்ளிகூட இல்லை. ரோட்டுக்கு ஓடினேன். இந்த வயசில் நான் அப்படி ஓடினதில்லை. ரோட்டோரப் பாலத்தின் மேல் ஏறி நின்றபிறகுதான் லைன் கிடைத்தது.

"என்ன லைட் எரியுது அண்ணாச்சி?" என்று சாந்தி மேடம் வழக்கம்போல ஆரம்பித்தார். சொன்னேன். பாஸ்வேர்டு வேண்டும் என்றேன்.

"ரிஜிஸ்டர் நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்புதேன். கேட்டுச் சொல்லுங்க."

"மேடம், அந்த நம்பருக்குச் சொந்தக்காரங்க ஐஸ் பெட்டியில இருக்காவ. அவ்வோ போனு எங்கன கெடக்குன்னு வீட்ல யாருக்கும் தெரியாது. மவன் பட்டாளத்துல இருக்கான். மொகம் பாக்க உக்காந்திருக்கான்."

 லைன் போய்விட்டதோ என்று, "மேடம், மேடம்" என்று கத்தினேன். சுரண்டைப் பெண்ணை அவர் நினைத்திருப்பார், எனக்கும் அதுதான் நினைப்பில் ஓடியது.

"நீங்க அந்த வீட்லதான் நிக்கீங்களா? கண்ணால பாத்தீங்களா?"

"கும்பிட்டுட்டு வந்து பேசுதேன் மேடம்."

"எழுதிக்கிடுங்க" என்றார்.

பையில் தாள் இல்லை. உள்ளங்கையில் எழுதினேன். ஒவ்வோர் எழுத்தாக அவர் சொல்ல, நான் திருப்பிச் சொல்லி எழுதி முடிக்கிற நேரத்தில் கொட்டுச் சத்தம் சந்துக்குள்ளிருந்து நெருங்கிவந்தது. முதலில் எனக்கு உறைக்கவே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் பாடை சந்தை விட்டு ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் தீச்சட்டியோடு செல்வம். எனக்குக் குடை பிடித்தவன் ஈர வேட்டியோடு, மேலில் சட்டையில்லாமல் வந்தான். பெரியப்பா என்னைக் கடக்கும்போது, "ஓடையில முழங்காலுக்கு மேல வந்துட்டு அண்ணாச்சி. இனி நிக்க முடியாது" என்று மட்டும் சொன்னார். நான் பாலத்திலிருந்து இறங்கி, ஓரமாக நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கைக்குள்ளே பாஸ்வேர்டு இருந்தது. அட தெய்வமே, இதைவிட ஒரு மனுஷனை என்னதான் செய்துவிட முடியும்?

வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டாம்தான். ஆனால் அவன் அங்கே உட்கார்ந்திருக்கிறானே. போனேன்.

வீடு காலியாக இருந்தது. ஐஸ் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்திருந்தார்கள். தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் பெண்களெல்லாம் குளிக்கப் பின்பக்கம் போயிருந்தார்கள். யாரோ ஒருத்தி மட்டும் இன்னும் கிணற்றடியில் அழுதுகொண்டிருப்பது கேட்டது. ஈரத் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து எழுத்துகளை ஏற்றினேன். வைஃபைக்கு டேப்பில் இருந்த பழைய பெயரையே வைத்தேன். விளக்கு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பச்சையாக எரிந்தது.

எரிந்த உடனே டேப் அடித்தது.

எடுக்க ஆள் தேடினேன். "அம்மா, யாராவது வாங்களேன்" என்று பின்பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன். யார் காதிலும் விழவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுபோனால் மறுபடி அவனுக்குக் கிடைக்குமோ என்னவோ. எடுத்துவிட்டேன்.

கம்பளிக் குல்லாவோடு ஒரு முகம். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினான்.

"பெட்டி மாட்ட வந்த அண்ணாச்சியா? லைன் வந்துட்டா? நல்லாருப்பீங்க அண்ணாச்சி, நல்லாருப்பீங்க. அம்மாவக் காட்டுங்க. இங்கன வரிசையில ஆளு நிக்காங்க, சீக்கிரம் காட்டுங்க."

 அவன் பேசிக்கொண்டே போனான். "மூடியத் தொறக்கச் சொல்லுங்க அண்ணாச்சி, கண்ணாடி வழியாத் தெரியாது. பெரியப்பாட்டக் குடுங்க, நாம் பேசுதேன்."

"தம்பி" என்றேன். "ஓடையில வெள்ளம் வந்துட்டுப்பா. எடுத்துட்டாவ. இப்பந்தான் ரோட்டத் தாண்டிப் போகுதாவ."

அவன் வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. கண் இமைக்கவில்லை. படம் உறைந்துவிட்டது என்று நினைத்து நான் ரவுட்டரைத் திரும்பிப் பார்த்தேன். எல்லா விளக்கும் எரிந்தது. மறுபடி டேப்பைப் பார்த்தபோது அவனுக்குப் பின்னால் ஒரு சிப்பாய் தம்ளரோடு குனிந்து கடந்து போனார். லைனில் ஒரு கோளாறும் இல்லை.

 பிறகு கேட்டான், "அம்மாவ எங்கன வச்சிருந்தாங்க அண்ணாச்சி?"

நடுவீட்டில், தெற்கே தலைவைத்து என்று சொன்னேன்.

"டேப்ப அங்கன பாக்கத் திருப்பி வச்சிட்டு நீங்க போங்க. அணைக்காதீங்க."

தாங்கியில் வைத்துத் திருப்பினேன். கழுவின தரை இன்னும் காயாமல் இருந்தது. என் கருவிகளை எடுத்துக்கொண்டு, அந்த ஈரத்தில் என் கால் தடம் பதியாதபடி சுவரோரமாகவே நடந்து வெளியே வந்தேன்.